நீலக் கதவும் எண்பத்தைந்து லென்ஸும்

கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று கேட்காத ஒரே ஆள் விதாதான். ஒரு கையில் ரொட்டிக்குள் வைத்த பன்றி வறுவல், மறு கையில் கேமரா. நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே கையைத் துடைத்து, அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் தயாராகிவிடுவாள். முழுப்பெயர் விதோசவா. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பாதிரியாரும் வரி ஆபீஸ்காரர்களும் மட்டும்தான். செர்பியாவின் நடுவில், மிலானோவாட்ஸைச் சுற்றியுள்ள மலையடிவாரக் கிராமங்களில் இருபத்தொரு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறாள். கணவர் பஸ் ஓட்டுகிறார். சனி ஞாயிறு அவருக்கு ஓய்வு, அவளுக்கு அந்த இரண்டு நாள்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடித்த நாட்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். "அதனாலதான் இன்னும் ஒண்ணா இருக்கோம்" என்பார் அவர்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வைக்கோல் போரால்தான். அப்போது அவள் டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண சீசனில் முதலாளியின் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவாள். ஒரு சனிக்கிழமை கோலோ ஆட்டம் நடக்கிறது. நூற்றைம்பது பேர் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். முதலாளியின் லென்ஸில் பாதி வட்டம்கூட அடங்கவில்லை. மனுஷன் பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், கடைசியில் வைக்கோல் போர் மேலேயே ஏறிவிட்டார். மேலிருந்து பார்த்தபோது வட்டம் அடங்கியதாம். அந்தச் சந்தோஷத்தில் ஓர் அடி கூடுதலாக வைத்தார், கீழே வந்து விழுந்தார், கால் எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. விதா வைக்கோலுக்குள் கையை விட்டுக் கேமராவைத் தேடி எடுத்தாள், சட்டையில் துடைத்தாள், மிச்சக் கல்யாணத்தை எடுத்து முடித்தாள். சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் வாங்கிய முதல் லென்ஸ் அகலமானது, மிகவும் அகலமானது. ஆட்டத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாரையும் பிடித்துவிடும்.

அந்தப் பக்கத்துச் சனங்களுக்குக் கல்யாணப் படம் என்றால் ஆறு மணி நேரம். குளிர்காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். பெண் அழகாக இருக்கிறாளா என்பதெல்லாம் அப்புறம். யார் வந்தார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், யார் வரவே இல்லை, அதுதான் படம். விதாவின் படத்தில் கடைசி மேஜையில் சாலட் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் முகம்கூடத் தெளிவாகத் தெரியும். "விதா எடுத்தா பொய் சொல்ல முடியாது" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பெருமை அவளுக்கு ரொம்பவே உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

அப்படிப்பட்டவள்தான் போன வருஷம் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸை வாங்கினாள்.

காலம் மாறிவிட்டது, என்ன செய்ய. பெல்கிரேடிலிருந்து வருகிற மணப்பெண்கள் போனை நீட்டி, "இந்த மாதிரி வேணும் அக்கா" என்றார்கள். நீட்டிய படத்தில் பெண்ணின் கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தெரியும். பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைத்த மாதிரி குழைந்து கிடக்கும். டவுனில் ஒரு பொடியன் அப்படி எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான், விதாவின் கையை விட்டு நாலு கல்யாணம் அவனிடம் போயிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவிட்டாள். விலையைச் சொன்னால் புருஷன் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்று சொல்லவே இல்லை.

வாங்கியபின் அதன் மேல் அவளுக்கே ஆசை வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. அரைக் கிலோவுக்கு மேல் கனம், முன்பக்கம் கண்ணாடி ஒரு காபிக் கோப்பை அகலம். அதன் வழியாகப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலி இல்லை, டிராக்டர் இல்லை, கோழி இல்லை. ஊரே அழகாக இருந்தது. ஒரே ஒரு தொல்லை, அது வைத்திருப்பவள் ஆளை விட்டு இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போனால் மூக்கு மட்டும்தான் வரும்.

ஸ்டனோயே வீட்டுக் கல்யாணம் அந்த லென்ஸுக்கு வந்த முதல் பெரிய வேலை. ஸ்டனோயே நிலம் நீச்சு உள்ளவர், சொன்ன சொல் மாறாதவர், கோபக்காரர். மகனுக்குப் பெல்கிரேடுப் பெண், பெயர் தெயோதோரா. அவள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"விதா அக்கா, எல்லாம் அந்த லென்ஸ்லதான் எடுக்கணும். பின்னாடி ஒண்ணும் தெரியக் கூடாது."

"ஆளுங்க?"

"எந்த ஆளுங்க?"

"உன் கல்யாணத்துக்கு வர்ற முந்நூறு பேரும்மா."

"அவங்க பின்னாடி இருக்கட்டும். மங்கலா."

ஸ்டனோயேவின் கோரிக்கை வேறு. பெண் போனதும் விதாவைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பேச வந்ததைப் பேசாமல் பிளம் மரத்தின் பட்டையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"பக்கத்து வீட்டுக்காரன் வரமாட்டான்" என்றார் கடைசியில். "ஒருவேளை வந்தான்னா, வாசல்வரைக்கும் வந்தான்னாக்கூட, அதை எடுத்துடு. எனக்கு வேணும்."

பக்கத்து வீட்டுக்காரன் என்றது அவருடைய கூடப்பிறந்த அண்ணன் பாவுனை. பதினாலு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. அப்பா விட்டுப்போன, ரக்கியா என்கிற பழச் சாராயம் காய்ச்சும் செப்புக் கொப்பரை யார் வீட்டில் இருப்பது என்பதில் வந்த தகராறு. கொப்பரை இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியோரம் கவிழ்ந்து கிடக்கிறது, கோழிகள் அதன் மேல் ஏறி நிற்கின்றன. பாவுனின் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. மனுஷன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தன் வீட்டு நீலக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

அந்தக் கிராமங்களில் கல்யாணத்துக்குக் கடிதம் அடித்துக் கூப்பிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். மரக் குடுவையில் ரக்கியா ஊற்றி, பூவும் ரிப்பனும் சுற்றி, அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போக வேண்டும். குடுவையை வாங்கி ஒரு மடக்குக் குடித்தவர் வருவார். குடுவை வராத வீட்டுக்காரர், கூடப்பிறந்தவராக இருந்தாலும், வாசப்படி மிதிக்க மாட்டார். மூத்தவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். பதினாலு வருஷக் கோபத்தை விழுங்கிக்கொண்டு ஸ்டனோயே தன் மருமகன் ரதோமிரிடம் குடுவையைக் கொடுத்து, "முதல்ல நீலக் கதவு" என்று சொல்லியனுப்பினார். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது முறை, அவர் உள்ளே போய்விட்டார்.

அது கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. விதா எண்பத்தைந்தை மாட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம், வாய்க்காலுக்கு அந்தண்டை நின்றாள். ரதோமிர் முகம் ராஜா மாதிரி வந்துகொண்டிருந்தது. காதோரத்து ரோஸ்மேரிக் கொத்து, நெற்றி வியர்வை, எல்லாம் அருமை. அவனுக்குப் பின்னால் நீலமாக ஏதோ குழைந்து கிடந்தது. அந்த நீலம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அக்கார்டியன் சத்தத்தில் அங்கே என்ன பேசினார்கள், தட்டினார்களா, தட்டவில்லையா, எதுவும் காதில் விழவில்லை. ஊர்வலம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. இவளும் நகர்ந்தாள்.

சாயங்காலம் ஸ்டனோயே கேட்டார். "அவன் வீட்ல என்னாச்சு?"

"தட்டினேன் மாமா. திறக்கலை" என்றான் ரதோமிர்.

ஸ்டனோயே கோடரியை எடுத்தார். போய் விறகு பிளந்தார். அடுப்புக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், தெயோதோரா இரண்டு நிமிஷ வீடியோத் துண்டு ஒன்று கேட்டாளே என்று விதா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ரதோமிர் நடந்து வருகிறான், சிரிக்கிறான், குடுவையைத் தோளில் மாற்றுகிறான். பின்னால் நீலம். திடீரென்று அந்த நீலத்தில் பாதி கறுத்தது. கறுத்த இடத்தில் நீளமாக, மங்கலாக ஏதோ ஒன்று வந்து நின்றது. ரதோமிர் திரும்பிப் பார்க்கவேயில்லை, வேகமாக நடந்து படத்தை விட்டுப் போய்விட்டான். அந்த மங்கல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி எல்லாம் நீலமாகிவிட்டது.

விதா பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாள். கதவு திறந்திருக்கிறது. யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை, ஏனென்றால் தெரியாத மாதிரி எடுத்தவள் அவளேதான். அந்த அகல லென்ஸ் மட்டும் இருந்திருந்தால் ரதோமிர் பக்கத்திலேயே நின்றிருப்பாள், தட்டினானா என்று காதால் கேட்டிருப்பாள், கதவு திறந்ததைக் கண்ணால் பார்த்திருப்பாள், "யோவ், ஆள் நிக்கறார் பாரு" என்று கத்தியிருப்பாள். இருபத்தொரு வருஷத்தில் அவள் தவறவிட்ட முதல் ஆள்.

ரதோமிருக்குப் போன் போட்டாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. தட்டினியா?"

"இல்லக்கா."

"ஏன்டா?"

"அந்தாளு வாய் உனக்குத் தெரியாதா? முதல் வாசல்லயே திட்டு வாங்கினா, மீதி நாப்பது வீட்டுக்கு எந்த மூஞ்சியோட போறது? மாமாவுக்கும் அசிங்கம். திறக்கலைன்னு சொன்னா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன்."

"யாருக்கும் நஷ்டமில்லயா? நல்லா நெனச்ச போ!"

"மாமாகிட்ட சொல்லிடாதக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி என்னை வெட்டிப் போட்ருவாரு."

வெட்டினாலும் வெட்டுவார், அதுவும் சரிதான். ஒரு சண்டையை ஒட்டவைக்கப் போய் இன்னொன்றைக் கிளப்பிவிட விதாவுக்கு மனசில்லை. புதன்கிழமை காலை அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கம்ப்யூட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு ஸ்டனோயே வீட்டுக்குப் போனாள். சமையலறை மேஜை மேல் வைத்து ஓட்டிக் காட்டினாள்.

"கதவு திறந்துச்சு அண்ணே. உங்க அண்ணன் வந்து நிக்கறாரு. இவங்க பாக்காம போயிட்டாங்க."

ஸ்டனோயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையோடு மூக்கை ஒட்டினார். இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது ஆளா? கம்பம் மாதிரி இருக்கு."

"கம்பம் எப்படி அண்ணே நடந்து வந்து நிக்கும்?"

"அப்ப மாடு."

"அண்ணே!"

"மூஞ்சி எங்கம்மா? மூஞ்சியைக் காட்டு. அவன்தான், என் குடுவைக்காகத்தான் வந்து நின்னான்னு தெரிஞ்சா நானே போறேன், இப்பவே போறேன். இந்த மசமசப்பை நம்பிப் போய் அவன் கதவைச் சாத்தினான்னா? ஊரே சிரிக்கும். நீ எடுத்தா எல்லாம் தெரியும்னு சொல்வாங்களே, என்னத்தை எடுத்த?"

வேறு யார் கேட்டிருந்தாலும் வெயில், வெளிச்சம், தூரம் என்று ஏதாவது சொல்லியிருப்பாள். இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாவுன் வீட்டுப் புகைக்கூண்டில் புகை வந்துகொண்டிருந்தது. நேராகப் போய் அவரிடமே கேட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். 'குடுவைக்காகக் காத்திருந்தீங்களா' என்று கேட்டால் எந்த ஆம்பளை ஆமாம் என்று சொல்வான்? ரொட்டி வாங்க வெளியே வந்தேன் என்பார்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அதே நினைப்பு. "என்ன, யார் வீட்டு இழவு?" என்று புருஷன் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்குப் புத்தி வந்தது. கல்யாண வீட்டில் பாதிரியார் சொன்னால் பாதிப்பேர் கேட்பார்கள், சம்பந்தி சொன்னால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், கேமராக்காரி சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். 'இன்னொரு தடவை நடங்க' என்றால் மாப்பிள்ளை நாலு தடவை கோயில் படி ஏறி இறங்குவான். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

ரதோமிர் பந்தல் கம்பி ஏற்றிவர டிராக்டரில் டவுனுக்குப் போகும் நேரமாகப் பார்த்து ஸ்டனோயே வீட்டு வாசலில் போய் நின்றாள். கூடவே அக்கார்டியன்காரரையும் இழுத்து வந்திருந்தாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. அன்னைக்குக் குடுவை எடுத்தது சரியா வரலை. நீங்களே பாத்தீங்களே. திரும்ப எடுத்தாகணும்."

"ரதோமிர் வரட்டும்."

"அதுக்குள்ள வெளிச்சம் போயிடும். நீங்க தூக்கிட்டு நடங்க, முதுகுதான் வரும், யாருக்குத் தெரியப் போகுது? சும்மா இந்த வாசல்லேர்ந்து நாலு எட்டு. வெறுங்குடுவை போதும், படத்துல தெரியாது."

தெயோதோரா மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த லென்ஸ்தானே அக்கா?"

"இன்னைக்கு அதுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா" என்று கத்திவிட்டு, விதா கேமராவில் அகல லென்ஸை மாட்டினாள். ஆறு மாசத்துக்கு அப்புறம் மாட்டுகிறாள். திரையில் வீடு, வேலி, கோழி, கொப்பரை, தெரு, தெருவில் காயும் துணி, எல்லாம் ஒருசேர வந்து நின்றன.

ஸ்டனோயே உள்ளே போனவர் வர நேரமாயிற்று. வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தார், குடுவையைத் தோளில் மாட்டியிருந்தார். அக்கார்டியன் தொடங்கியது. அகல லென்ஸ் வைத்தவள் ஆளுக்கு இரண்டடி முன்னால் நிற்க வேண்டும், ஆள் நடந்தால் இவள் பின்னோக்கி நடக்க வேண்டும். விதா பின்னோக்கி நடந்தாள். அவர் முன்னோக்கி வந்தார்.

"நல்லா வருது, வாங்க."

"எதுவரைக்கும்?"

"வாங்கண்ணே, சொல்றேன்."

"அங்க வேண்டாம்."

"பின்னணிக்குத்தான் அண்ணே. நீலம் நல்லா இருக்கும்."

"விதா!"

"கேமரா ஓடுது, பேசாதீங்க!"

அவர் நின்றிருக்கலாம். திரும்பியிருக்கலாம். குடுவை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னாலேயே வந்தார். விதா பின்னாலேயே போய்ப் போய், முதுகு கதவில் இடிக்கும்வரை போனாள். இடித்தது. போதாதென்று முதுகாலேயே இன்னும் இரண்டு தடவை ஓங்கி இடித்தாள். பலகை படபடவென்று அதிர்ந்தது.

கதவு உள்ளே திறந்தது. விதா விழப் பார்த்தாள், தூணைப் பிடித்துச் சமாளித்துப் பக்கவாட்டில் ஒதுங்கினாள். பாவுன் உள்பனியனோடு நின்றார், ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. எதிரே தம்பி. நடுவே ஒன்றரை அடி இடைவெளி. அக்கார்டியன்காரர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டார்.

பாவுன் தம்பியைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"இது படத்துக்கா, குடிக்கவா?"

விதாவுக்கு வாய்வரை வந்துவிட்டது, 'படத்துக்குத்தான்' என்று சொல்லி எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் போலிருந்தது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டாள்.

"குடிக்கத்தான்" என்றார் ஸ்டனோயே. பிறகு, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, "குடிக்கத்தான் அண்ணே" என்றார்.

பாவுன் குடுவையை வாங்கி ஆட்டிப் பார்த்தார். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. வீட்டுக்குள் போய் அத்தனை நேரம் ஸ்டனோயே என்ன செய்தார் என்று விதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாவுன் மூடியைத் திறந்து, தலையை அண்ணாந்து, ஒரு மடக்கு இல்லை, மூன்று மடக்குக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, ரக்கியாவால் என்றே வைத்துக்கொள்வோம்.

"சர்க்கரை போட்ருக்க."

"போடல."

"போட்ருக்கடா."

"அப்பா மேல சத்தியமா போடல."

"அப்ப பழம் நல்ல பழம்" என்றார் பாவுன்.

குடுவையில் குடித்தவர் அதை வெறுங்கழுத்தாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. துண்டோ, ரிப்பனோ, ஏதாவது கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆயத்தமில்லாதவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள், அலமாரியைக் குடைவார்கள், பெண்டாட்டியைத் திட்டுவார்கள். பாவுன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கையை மட்டும் கதவுக்குப் பின்னால் விட்டார். அங்கே ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. கை வேலைப்பாடு, ஓரத்தில் சிவப்புப் பூ, போய்ச்சேர்ந்தவள் தைத்து வைத்ததாக இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தொங்குது" என்றார். "எடுத்து உள்ள வெக்க மனசு வரல."

ஸ்டனோயே துண்டை வாங்கினார். குடுவையின் கழுத்தில் கட்டவேண்டியதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவுன் என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டே நின்றார், நுரை போன பிறகும் துடைத்தார்.

"அதை அணைம்மா" என்றார் ஸ்டனோயே, துண்டுக்குள்ளிருந்து.

"அணைக்க மாட்டேன்" என்றாள் விதா. "கட்டுங்கண்ணே. முதல்ல துண்டைக் கட்டுங்க."